குறைந்தவருக்கே நட்சத்திரம்

சர்க்கரை நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது கோச்சின் வேலை. என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, ஊசியை எப்போது போடுவது என்று தினமும் போனில் பேசிப் பேசி இருபத்தாறு பேரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் கை சும்மா இருந்தால்தானே! முந்தின நாள் சாயங்காலம் அவர்களுடைய போன் குழுவில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டாள்: "நாளைக் காலை வெறும் வயிற்றில் யாருக்குச் சர்க்கரை எல்லாரையும் விடக் குறைவோ, அவருக்குத் தங்க நட்சத்திரம்!"

அந்த நட்சத்திரத்துக்கு மூன்று மாதமாக அடித்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக், இன்னொருவர் ஸ்கூல் வேன் டிரைவர். இரண்டு பேரும் இன்சுலின் போடுகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். "இந்த வாட்டி மெக்கானிக்கை மண்ணைக் கவ்வ வைக்கிறேன் மேடம்" என்று டிரைவர் எழுதினார். "பார்த்துடலாம்" என்றார் மெக்கானிக். கோச் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

காலை ஏழரைக்கு கிளினிக்கில் தன் அறையைத் திறந்து, கால் புண்ணை விளக்க மேஜைமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பாதத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு, நூற்று நாலு என்று மீட்டர் படங்கள் வந்திருந்தன. ஆறு மணிக்கே முதல் ஆளாக அனுப்புகிற மெக்கானிக்கைக் காணவில்லை. 'தோத்துட்டு ஒளிஞ்சிருக்காரு மனுஷன்' என்று சிரித்துக்கொண்டே அழைத்தாள். அவர் மனைவி எடுத்தார்.

"போனை மறந்துட்டுப் போயிட்டாரும்மா. ஒருநாளும் இப்படிப் போனதில்லை."

"காலையில டெஸ்ட் பண்ணினாரா?"

"பண்ணாம இருப்பாரா? சீட்டுல எழுதி வச்சிருக்காரு பாருங்க. அறுபத்தொண்ணு. நல்ல மார்க்தானே?"

கோச் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எழுபதுக்குக் கீழே போனால் அது மார்க் இல்லை, ஆபத்து. "ராத்திரி என்ன சாப்பிட்டாரு?"

"எங்க சாப்பிட்டாரு! நட்சத்திரம் வாங்கணும்னு தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. ஆனா ஊசியை விடலைம்மா. ஊசியை மட்டும் விடவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? காலையிலயும் போட்டுக்கிட்டாரு. டிபனை அப்புறம் சாப்பிடறேன்னு டப்பாவுல கட்டிக்கிட்டு ஓடிட்டாரு. உங்க கிளினிக்குக்குப் பின்னாடி அந்த மஞ்சக் கட்டடத்துலதான் வேலை."

கோச் செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை.

மஞ்சள் கட்டடத்தின் வாட்ச்மேன் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக்கா? லிஃப்ட் கூண்டு மேல ஏறி வேலை பார்க்கறாரு. கரண்டை நிறுத்தியாச்சு."

"கூப்பிட்டா பதில் சொல்றாரா?"

வாட்ச்மேன் யோசித்தார். "அரை மணி நேரமா சத்தமே இல்லை."

படுபாவி, அதை முதலில் சொல்லக்கூடாதா! மாடிப்படியில் அவரை இழுத்துக்கொண்டே ஓடினாள். மூன்றாவது மாடியில் வாட்ச்மேன் தன் சாவியைப் போட்டு லிஃப்ட் கதவைத் தள்ளினார். உள்ளே கும்மிருட்டு, கிரீஸ் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் இடுப்பளவு பள்ளத்தில் கூண்டின் கூரை தெரிந்தது. அதன்மேல் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரே திருகாணியை முறுக்குவதும் கழற்றுவதுமாக இருந்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நழுவி விழுகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. கீழே மூன்று மாடி ஆழம்.

"யாரு, மேடமா?" நாக்கு குழறியது. "நான் பாஸா?" அவர் தள்ளாடிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார்.

விளக்கம் சொன்னால் மண்டையில் ஏறுகிற நிலையில் அவர் இல்லை. என்ன சொன்னால் கேட்பார் என்பது கோச்சுக்குத் தெரியும்.

"எந்திரிச்சீங்கன்னா ஃபெயில்!" என்று கத்தினாள். "அப்படியே உக்காருங்க!"

அவர் ஸ்கூல் பையனைப் போலச் சட்டென்று உட்கார்ந்தார்.

இருபத்தாறு வீட்டுச் சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவைத் துரத்தியடித்தவள், எதிர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டி, "சர்க்கரை குடுங்க, சர்க்கரை!" என்று கூவினாள். அந்த வீட்டம்மா அரண்டுபோய் டம்ளரில் கரைத்துக் கொடுத்தார். கோச் தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். வாட்ச்மேன் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல சர்க்கரை இருக்கு" என்று முகத்தைத் திருப்பினார் மெக்கானிக். "நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க."

"நான்தான் சொல்றேன், குடிங்க. குடிச்சாத்தான் நட்சத்திரம்."

குடித்தார். பாதி மோவாயில் வழிந்தது. இன்னொரு டம்ளர் வந்தது, அதையும் குடித்தார். கால் மணி நேரம் அவள் அப்படியே படுத்து, அவர் சட்டைக் காலரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அவர் கண்ணில் தெளிவு வந்தது. சுற்றிலும் பார்த்தார், இடைவெளியைப் பார்த்தார், சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ, நான் எப்படிம்மா இங்க ஏறினேன்?"

வாட்ச்மேனும் அவளுமாக அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். போன உயிர் திரும்பி வந்தது மாதிரி கோச் சுவரில் சாய்ந்து அழுதாள். "என் தப்புங்க. நீங்க குறைச்சதுல தப்பு ஒண்ணுமில்லை, நான் எழுதினதுதான் தப்பு."

"விடும்மா. டிரைவர் எவ்வளவு அனுப்பியிருக்கான்? அதை மட்டும் சொல்லு" என்றார் அவர், டிபன் டப்பாவைத் திறந்தபடி.

அவள் அழுகை நின்றுவிட்டது.

போனைத் திறந்தாள். டிரைவரின் படம் ஏழே முக்காலுக்கு வந்திருந்தது. ஐம்பத்தெட்டு. அடியில் எழுதியிருந்தார்: "ஜெயிச்சுட்டேன் மேடம்! ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. பசங்க எல்லாம் ஏறியாச்சு, வண்டி எடுக்கறேன்."

இப்போது மணி எட்டு இருபது.

அழைத்தாள். மணி அடித்தது. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள்.