குறை சொன்னால் ஓடும் கார்

ஊசியக்கா வாங்கிய மின்சார கார் மின்சாரத்தில் ஓடவில்லை. அதைப் பற்றி ஊர் சொன்ன குறையில் ஓடியது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்திவிட்டு வருகிற நர்ஸ் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாங்கிய புதிதில் இரண்டு நாள் பிளக்கில் மாட்டி வைத்தும் திரையில் இருந்த பன்னிரண்டு சதவீதம் பன்னிரண்டாகவே இருந்தது. கம்பெனி ஆள் வந்து பார்த்து, கார் மேலும் தப்பில்லை, பிளக் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பிளக்கில் அவள் கணவர் தன் இஸ்திரிப் பெட்டியை மாட்டிக்கொண்டார். அவர் தையல்காரர். கார் நல்லதா கெட்டதா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில் எந்நேரமும் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருக்கும் மனிதரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதும் இல்லை.

எதிர் ஷெட்டிலிருந்த மீசை மெக்கானிக்தான் முதலில் வந்தார். முன்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். "இது காரே இல்லக்கா. சக்கரம் வச்ச மிக்ஸி" என்றார். பன்னிரண்டு இருபதானது. மழையில் தொட்டால் ஷாக் அடிக்கும் என்றாள் மாடி வீட்டுக்காரி, இருபத்தாறு. பேட்டரி போனால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று தன் மச்சான் சொன்னதாகச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். அது இரவல் குறை என்பதால் ஒன்றுதான் ஏறியது. பாராட்டினால் எண் அசையாது. ஒப்புக்குத் திட்டினாலும் அசையாது. சொல்கிறவருக்கு உள்ளுக்குள் உண்மையாகவே எரிய வேண்டும். இது பிடிபட்ட பிறகு ஊசியக்கா தினமும் காலை எட்டு மணிக்கு டீக்கடை முன்னால் காரைப் பத்து நிமிஷம் நிறுத்திவைப்பாள். யாராவது ஒருத்தர், "ஏங்கா, பாதி வழியில நின்னா தள்ளிக்கிட்டா வருவீங்க?" என்று ஆரம்பித்துவைப்பார். மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தொண்ணூறு தாண்டியதும் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். இதில் யாரும் அதிசயப்படவில்லை. கரண்ட் கார் என்றால் இப்படி ஏதாவது தொல்லை இருக்கத்தான் செய்யும் என்றார்கள், அதிலும் இரண்டு ஏறியது.

ஆறு வருஷத்தில் நிலைமை கெட்டுப்போனது. மாடி வீட்டுக்காரி சிவப்பில் ஒரு மின்சார கார் வாங்கி, மழையில் நிறுத்திக் கழுவவும் செய்தாள். மருந்துக்கடைக்காரர் வாங்கினார், அவர் மச்சானும் வாங்கினார். அவர்களுடைய கார்கள் சமர்த்தாகச் சுவரிலிருந்தே மின்சாரம் குடித்தன. மெக்கானிக் ஷெட் போர்டில் கரண்ட் கார் ரிப்பேர் என்று மாற்றி எழுதிவிட்டு, மிக்ஸி என்று சொன்னது தான்தான் என்பதையே மறந்துபோனார். டீக்கடையில் இப்போது ஒருவர் காரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். நாற்பது ஏறுவதற்கே ஊசியக்கா படாத பாடு பட வேண்டியிருந்தது. பக்கத்து வீடுகளுக்கு நடந்தே போக ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு காலையில்தான் மருமகன் போன் செய்தான். மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நூற்றிருபது கிலோமீட்டர். திரையில் முப்பத்தொன்று. மாடி வீட்டுக்காரி தன் சாவியை நீட்டினாள். ஊசியக்காவுக்கு ரோஷம். தன் காரை விட்டுவிட்டு அடுத்தவள் காரில் போவதா என்று கணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அறுபதாவது கிலோமீட்டரில், இரண்டு பக்கமும் வெறும் பொட்டலாக இருந்த இடத்தில், கார் மெதுவாக ஓரம் ஒதுங்கி நின்றது. பூஜ்ஜியம்.

முதலில் நின்றவர் எதிர்த்திசையில் போகிறவர். "நல்ல வண்டிம்மா இது, நானும் இதேதான் வச்சிருக்கேன்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த காரில் பிள்ளைகளும் மூட்டைகளுமாக இடமில்லை. அவர்களும் புகழ்ந்துவிட்டே போனார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால், இழுக்கும் வண்டி வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். ஊசியக்கா தானே காரைத் திட்டிப் பார்த்தாள். சனியனே என்றாள், தகரமே என்றாள். ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, ஏனென்றால் அவளுக்கு அந்தக் கார் மேல் அவ்வளவு பிரியம். எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டவள், பெற்ற பெண்ணுக்கு இல்லாமல் போகப்போகிறோமே என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள்.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கு இந்தக் கார் புடிக்கல" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ஒன்பது.

"உன் பழைய பெட்ரோல் கார் தெருமுனை திரும்பும்போதே கடமுடான்னு கேக்கும். கேட்டதும் பாலை அடுப்புல வைப்பேன். நீ செருப்பைக் கழட்டிட்டு வர்றதுக்குள்ள டீ இருக்கும். இப்ப நீ வர்றதே தெரியல. அஞ்சு மணியிலேர்ந்து தையல விட்டுட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். ஒரு நாள் லேட்டானா தெருமுனை வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு வர்றேன். ஆறு வருஷமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆசையா வாங்கின வண்டி."

அவர் சொல்லி முடித்தபோது கார் நூறைத் தொட்டு, அதற்கு மேலும் ஏற முயன்று நின்றது. ஊசியக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு கிளப்பினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்; பேத்தி பிறந்தது அதற்கு நாற்பது நிமிஷம் கழித்து, அம்மாவின் கையை அவள் நசுக்கிப் பிடித்திருந்தபோது.

ஊருக்குத் திரும்பிய மறுநாளிலிருந்து ஊசியக்கா தெருமுனையிலேயே ஹாரன் அடிக்க ஆரம்பித்தாள். உள்ளே போனபோது டீ தயாராக இருந்தது. குறை தீர்ந்துவிட்டதே, இனி வண்டி எப்படி ஓடும் என்று அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தையல்காரர் டம்ளரை நீட்டிவிட்டு, இப்படியா ஒருத்தி ஹாரன் அடிப்பாள், தெருவே திரும்பிப் பார்க்கிறது, மானம் போகிறது என்றார். அவள் வாசலுக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு இருந்தது. மறுநாள் வேலைக்கு அது போதும்.