இரண்டாவது கேமரா

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் மடக்கி வைத்த குடை விளக்குகள், சுவர் நிறைய யார் யாரோ சிரிக்கும் படங்கள். அதற்குள் உட்கார்ந்துதான் கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் ஸ்டுடியோ அக்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கையில் இருப்பது அளவான காசு. ஆசைக்கு அளவு கிடையாது. ட்ரோன் வேண்டுமா என்று ஸ்டுடியோ அக்கா கேட்டாள்.

"மேலேர்ந்து எடுத்தா என்ன தெரியப் போகுது? இவங்கப்பா வழுக்கைதான் தெரியும். வேண்டாம்" என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியைப் பூங்காவில் ஓடவிட்டு எடுக்கும் படமும் போயிற்று. அதையும் அம்மாதான் வெட்டினாள். கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியும் ஓட்டம்தான், அதற்கு ஒத்திகை எதற்கு என்பது அவள் கட்சி. ஆல்பத்தின் பக்கங்கள் பாதியாயின. ஆனால் பெண் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வீடியோவுக்கு இரண்டாவது கேமரா வேண்டும். ஒரு கேமரா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தால் கீழே இருக்கிறவர்களின் முகங்களை யார் எடுப்பது?

"போட்டுடலாம். ஆனா ஒண்ணு, முதல்லயே சொல்லிடறேன். அந்த ரெண்டாவது ஆள் எங்க ஸ்டுடியோ ஆள் இல்லை. அன்னன்னைக்கு வந்து வேலை பாத்துட்டுப் போறவங்கதான். அந்தத் தேதிக்கு யார் கிடைக்கறாங்களோ அவங்களைப் போடுவேன்."

"யாரா இருந்தாலும் சரிக்கா. கத்தாம எடுத்தாப் போதும்."

"எங்க ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க. கருப்பு டீ-ஷர்ட், பேசினா மேடம், சார். அவ்வளவுதான்."

பெண்ணுக்கு மனம் நிறைந்துவிட்டது. அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். மாடிப்படியில் பாதி இறங்கியபோதுதான் அம்மா நின்றாள்.

"உங்க சித்தப்பாகிட்ட என்னடி சொல்றது?"

சித்தப்பா என்பவர் அப்பாவின் ஒரே தம்பி. தொழிலே வீடியோ எடுப்பதுதான். சொந்தக்காரர்களுக்குள் அவர் பெயர் லைட்டு. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் கூப்பிடாமலே கேமராவோடு வந்து நிற்பார், காசு என்று வாய் திறக்க மாட்டார். மனிதர் தங்கம். வீடியோதான் தகரம். மாமா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தலை ஒரு பூவுக்குள்ளிருந்து முளைத்து, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு நட்சத்திரத்துக்குள் போய் விழுந்தது. இன்றைக்கும் குடும்பத்தில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் அந்த வீடியோவைத்தான் போடுவார்கள். சித்தப்பாவும் கூட உட்கார்ந்து பார்ப்பார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

பெண்ணின் ஆபீஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப்போகிறார்கள். தன் தலை பூவுக்குள் முளைப்பதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் நேராகச் சொல்லும் வழக்கம் இல்லை. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதையே அடுத்த வீட்டுச் சமையலைப் புகழ்ந்துதான் சொல்வார்கள்.

பொய்யைப் பெண் தயாரித்தாள். சொல்லும் வேலை அப்பாவுக்கு. மனிதர் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்கள். அவள் எதிரே உட்கார்ந்து கையாலும் கண்ணாலும் எடுத்துக்கொடுத்தாள்.

"தம்பி, அது வந்து... இந்த போட்டோ, வீடியோ எல்லாம் வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்கடா. அவங்களுக்கு அதெல்லாம் பிடிக்காதாம். சும்மா போன்ல ரெண்டு எடுத்தாப் போதும்னு... அப்படின்னு... சொல்லிட்டாங்க."

போனில் சித்தப்பா சிரித்தார்.

"நல்லதாப் போச்சுண்ணே. எல்லார் கல்யாணத்துலயும் கேமராவுக்குப் பின்னால நின்னு நின்னு, ஒரு போட்டோவுலகூட நான் இல்லை. போன்லயாவது பாப்பா பக்கத்துல நிக்கறேன்."

பெண் மூச்சு விட்டாள். அத்தோடு நிற்காமல், அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று கேமராவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டால், கடைசி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. சோறு போதும் என்று நினைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தின் அலங்கார அறையில் அவள் தலையில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டுடியோ அக்கா உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். நான் போட்டிருந்த ரெண்டாவது கேமரா ஆள் நேத்து வண்டியிலேர்ந்து விழுந்துட்டார். பயப்படாதீங்க, வேற ஆளைப் பிடிச்சிட்டேன். அதுவும் லேசுல கிடைக்கலை. எங்க வீட்டுக் கல்யாணம் இருக்கு, முடியவே முடியாதுன்னுதான் முதல்ல சொன்னார். மண்டபத்தோட பேரைச் சொன்னேன். யாரோட கல்யாணம்னு கேட்டார். சொன்னதும் சரி வர்றேன்னுட்டார்."

அவள் சட்டென்று தலையைத் திருப்பினாள், ஊசி குத்தியது. ஸ்டுடியோ அக்காவுக்குப் பின்னால், கதவோரம், கருப்பு டீ-ஷர்ட்டில் சித்தப்பா நின்றிருந்தார். சட்டை ஓர் அளவு சின்னது. முதல் ஆளுக்கு எடுத்ததாக இருக்கும், தொப்பை மேல் இறுகிக்கொண்டிருந்தது. தோளில் கேமரா.

"மேடம், கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்க" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நீயா, உனக்காகத்தானே இத்தனை வருஷம், என்று நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால், அழுது காலில் விழுந்து முடித்திருக்கலாம். அவர் ஸ்டுடியோ சொல்லிக்கொடுத்தபடி மேடம் என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெட்கத்தில் காது வரை சுட்டது. கல்யாணப் பெண்ணின் முகம் சிவக்கிறது என்று பக்கத்தில் இருந்த தோழிகள் கிண்டல் செய்தார்கள்.

மேடைக்குப் போனதும் முதலில் அவள் கண்ணில் பட்டது சித்திதான். நன்றாக உடுத்திக்கொண்டு வந்து, இரண்டாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள். பெண் பார்த்தபோது சித்தி பார்வையைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

அப்பா விஷயத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. விருந்தினரை வரவேற்று வரவேற்று, கை கொடுத்துக் கொடுத்து, கருப்புச் சட்டைக்காரரிடமும் கையை நீட்டிவிட்டார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேமை மறைக்கறீங்க" என்றார் சித்தப்பா.

அப்பா தள்ளி நின்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் வரவேற்கவில்லை, தூணோரம் ஒதுங்கிக்கொண்டார்.

மோதிரம் மாற்றினார்கள், கை தட்டினார்கள். எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. சித்தப்பா ஒருமுறைகூடக் கத்தவில்லை. வரிசை வரிசையாக நடந்து, முகம் முகமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் மாப்பிள்ளையிடம் ஏதாவது பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் மாப்பிள்ளைக்கே தெரியாது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்களும் இல்லை. குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையேறி நின்றபோது அது உடைந்தது. உடைத்தது அத்தை. அப்பாவுக்கு அக்கா, மண்டபத்தில் மைக் இல்லாமலே பேசக்கூடியவள்.

"டேய் லைட்டு! நீயாடா வீடியோ? இந்தக் கல்யாணத்துல வீடியோவே கிடையாதுன்னு சொன்னே?"

மாப்பிள்ளையின் அம்மா திரும்பினாள். "வீடியோ கிடையாதா? யார் சொன்னது?"

"நீங்கதான் வேண்டாம்னீங்களாம். உங்க வீட்டுல பிடிக்காதாமே."

"நாங்களா? நாங்க எப்ப சொன்னோம்?" அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தான். "சம்பந்தி, என்ன இது? நாங்க அப்படிச் சொன்னதா யார் சொன்னாங்க?"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பொருத்தமாக ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பெண் பார்த்தாள். எப்போதும் வாய் மூடாத அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் வாயைத் திறந்தாள். நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமலே மூடிக்கொண்டாள்.

சித்தப்பா கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அது நான் கிளப்பிவிட்டதுங்க. எங்க சொந்தத்துல எல்லாக் கல்யாணத்துக்கும் நான்தான் வீடியோ. பாப்பாவும் என்னைத்தான் எடுக்கச் சொல்லிச்சு. நான் எடுக்கறது எப்படி இருக்கும்னு இவங்களுக்கெல்லாம் தெரியும். இந்தக் கல்யாணத்தைக் கெடுத்துடுவேனோன்னு எனக்கே பயம். ஸ்டுடியோ வெச்சுக்கோ, நான் ரெண்டாவது கேமராவா வர்றேன்னு சொல்லிட்டேன். ஏன் நீ எடுக்கலைன்னு ஆளாளுக்குக் கேப்பாங்களேன்னு, வீடியோவே இல்லைன்னு சொல்லிவெச்சேன். வாய்க்கு வந்த மாதிரி உங்க பேரையும் இழுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

கூட்டம் சிரித்தது. பூவுக்குள் முளைத்த தலையை அத்தை எடுத்துவிட, சிரிப்பு இன்னும் கூடியது. அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

"இவ்வளவு பாசமான சித்தப்பாவைக் கீழே நிக்க வெச்சிருக்கீங்களே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "மேலே வாங்க நீங்க. யாராவது அந்த கேமராவை வாங்குங்க."

ஸ்டுடியோ அக்கா வாங்கிக்கொண்டாள். அவர் மேடையேறி வந்தார். சித்தியும் ஏறினாள். அவரைப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். அவரிடமிருந்து வேர்வை வாசனை வந்தது. இறுகின டீ-ஷர்ட்டை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சித்தப்பா" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அப்பா மேல தப்பில்லை. நான்தான்..."

"தெரியும் பாப்பா. அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. போன்லயே தெரிஞ்சுபோச்சு."

அப்படியென்றால் அன்று அந்தச் சிரிப்பு? பாப்பா பக்கத்துல நிக்கறேன் என்று சொன்னது? தவித்துக்கொண்டிருந்த அண்ணனைத் தப்பிக்க வைக்கச் சொன்னது அது. அதைக் கேட்டுத்தான் இவள் தனக்குத்தானே பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பட்ட வெட்கத்தையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. அவள் தலை தானாகக் குனிந்தது.

"எல்லாரும் கேமராவைப் பாருங்க" என்றார் போட்டோக்காரர்.

"தலையைத் தூக்கு பாப்பா" என்றார் சித்தப்பா மெதுவாக. "படத்துல முகம் விழாது."

அவளால் தூக்க முடியவில்லை. விளக்கு மின்னியது. அடுத்த படத்துக்குள் சித்தப்பா இறங்கிப்போய் கேமராவை வாங்கிக்கொண்டுவிட்டார். அதற்கப்புறம் எத்தனை கூப்பிட்டும், வேலை நிற்கிறது என்று வர மறுத்துவிட்டார்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அவள் தனியாகத்தான் போனாள். மருந்துக்கடை மாடியில் ஸ்டுடியோ அக்கா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். அந்தக் குடும்பப் படம் வந்ததும் நிற்காமல் அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

"அக்கா, முந்தினதைக் காட்டுங்க."

எல்லோரும் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாகூட. சித்தப்பா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைப்பாக நின்றாலும், சிரிப்பு நன்றாக வந்திருந்தது. நடுவில், நகையும் அலங்காரமுமாக, ஓர் உச்சந்தலை.

"இது வேண்டாம் மேடம். கழிச்சதுல போட்டுட்டேன். உங்க முகமே இல்லையே."

"சித்தப்பா இருக்கற படம் வேற இருக்கா?"

"இல்லை. இது ஒண்ணுதான்."

"அப்ப இதை முதல் பக்கத்துல பெரிசாப் போடுங்க."

ஸ்டுடியோ அக்கா சுட்டெலியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"முதல் பக்கத்துலயா? பாக்கற ஒவ்வொருத்தரும் கேப்பாங்களே மேடம், பொண்ணு ஏன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுன்னு."

"கேக்கட்டும். சொல்றேன்."