அமுங்கிய பனி

என் செயற்கைக்கோள் பனிப்பரப்பின் உயரத்தை அளக்கும். அவருடையது எடையை அளக்கும். கோடையில் எவ்வளவு பனி உருகிக் கடலுக்கு ஓடியது என்று இருவரும் தனித்தனியே கணிக்க வேண்டும். முடியும்வரை எண்களைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் வழக்கம். பேசாமலிருப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. அவர் என் கணவர். இரண்டு வருடமாக வேறு வீட்டில் இருக்கிறார்.

இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் உதைத்தால் மட்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து அலச வேண்டும். போன கோடையில் ஒரு வாரம் அப்படி உட்கார்ந்தோம். தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார். அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் வருடத்தையே ஓட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை என் எண் எக்கச்சக்கமாக வந்தது. எடை அவ்வளவு குறைந்திருக்க வழியே இல்லை. கணக்கு கண்டிப்பாக உதைக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்ட அறையில் இரண்டு நாற்காலிகளை நானே இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் தப்பு கண்ணில் பட்டது. வெயிலில் பனி தலையணைப் பஞ்சு போல அமுங்கும். பரப்பு இறங்கும், ஒரு சொட்டுகூட வெளியே போயிருக்காது. அதைக் கழிக்க வேண்டிய இடத்தில் போன வருட அளவையே போட்டிருந்தேன். இந்தக் கோடையோ சுட்டெரித்துவிட்டது.

திருத்துவது சின்ன வேலை. திருத்தாமல் கொடுத்தால் ஒரு வாரம் கிடைக்கும். அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. மதியம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எண்களில் மட்டும் சொன்னதில்லை. திருத்தி அனுப்பினேன்.

சாயங்காலம் அவர் கதவருகே வந்து நின்றார். கையில் ஃபிளாஸ்க்.

"ரெண்டும் ஒத்துப்போகுது."

"அப்படியா?"

"ஆமா. உக்காந்து பேச வேண்டியதில்லன்னு ஆய்வகத் தலைவி சொல்லிட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

கொஞ்ச நேரம் ஃபிளாஸ்க் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, அப்ப வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் கணக்கு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. அவர் திரும்பி நடந்தபோதுதான் இன்னொரு கையைப் பார்த்தேன். அதில் இரண்டு கப்புகள் இருந்தன.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட ஒரு காரணம் வேண்டுமே. இருந்த ஒரே காரணத்தையும் மதியம் நானே திருத்திவிட்டேன்.