சதை வைக்காத சிப்பி

சிப்பியின் வாயில் கத்தியை நுழைத்து ஒரு திருகு திருகினாள். உள்ளே சதை சுருங்கி, நகத்தளவு ஒட்டிக்கொண்டிருந்தது. வழித்துத் தட்டில் போட்டாள். காலையிலிருந்து உரித்தும் தட்டின் அடி மறையவில்லை. ஓடு மட்டும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. அந்தக் கொட்டகையில் கூலி, சதையின் எடைக்குத்தான்.

"அண்ணி, உள்ள இருந்தது வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு போல," என்று நாத்தனார் ஒரு சிப்பியை விரித்துக் காட்டினாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் திரும்பியதும் அதுவும் அடங்கியது.

அந்த வருஷம் குளிர்காலம் வந்ததாகவே தெரியவில்லை. கடலில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தால் சிப்பி சும்மா கிடந்து சதையைக் காப்பாற்றிக்கொள்ளும். சூடேறினால் அதற்குத் தீனி கூடுதலாக வேண்டும். குளிர் மாதங்களில் கடலில் தீனி ஏது? தன் சதையைக் கரைத்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அவள் புருஷனுக்கும் அதே சிப்பிப் பண்ணையில்தான் வேலை. கடலில் தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் கயிறுகளை மேய வரும் முக்குளி வாத்துகளைப் படகில் போய்த் தகரம் தட்டி விரட்டுவான். ஊரே அவனை வாத்துக்காரன் என்றுதான் கூப்பிடும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சோற்றுத் தட்டில் கை வைக்கவில்லை.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"பக்கத்துல போனாலும் வாத்துங்க பறக்க மாட்டேங்குதுங்க. முன்னெல்லாம் கொஞ்ச நேரம் முங்கினா வயிறு ரொம்பிரும், அக்கடான்னு மிதக்கும். இப்ப நாள் பூரா முங்குது. ஓட்டோட முழுங்குற ஜென்மம், வெறும் ஓட்டை வயித்துக்குள்ள அரைச்சே ஓஞ்சு போகுது. ஒண்ணைக் கையாலயே தூக்கிட்டேன். நெஞ்செலும்பு குத்துச்சு."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வாத்து தின்னுதான் சிப்பி இப்படி ஆச்சாம். நான் படகுல தூங்குறேனாம்."

அவள் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை அப்போதுதான் அவன் கவனித்தான். அவசரத்தில் கத்தி இறங்கிய இடம். பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றிவிட்டான்.

அடுத்த வாரம் கரையோரம் முழுக்க வாத்துகள் செத்து ஒதுங்கின. சரக்கு வாங்குபவர்கள் வருவதற்குள் அள்ளிவிடச் சொல்லி அவனிடம் சாக்குகளைக் கொடுத்தார்கள். ஊதினாலே பறந்துவிடும் போல எடையில்லாமல் இருந்தது ஒவ்வொன்றும். கடைசிச் சாக்கைக் கட்டிவிட்டுக் கை கழுவியவனை முதலாளி கூப்பிட்டார்.

"விரட்டுறதுக்கு வாத்தே இல்லையேப்பா. இனிமே படகு எதுக்கு? உரிக்கிற பெஞ்சுல வேணா உட்காரு."

மறுநாள் பெண்களோடு பெண்ணாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். துடுப்புப் பிடித்த கைக்குள் கத்தி நிற்கவில்லை.

"குத்தாதீங்க, திருகுங்க," என்றாள் மெதுவாக.

"திருகிட்டுத்தான் இருக்கேன்," என்றான் எரிச்சலோடு. கொஞ்ச நேரம் கழித்து, "இதை எப்படி வருஷக்கணக்கா பண்றே?" என்றான். அவள் அடுத்த சிப்பியை எடுத்தாள்.

இருட்டும் நேரத்தில் எடை போட்டார்கள். அவன் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். சூப்பர்வைசர் அதை வாங்கி, சதையை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்து, தட்டைச் சாய்த்தார். தண்ணீரெல்லாம் சாக்கடையில் சொட்டி முடிந்தபிறகுதான் தராசில் வைத்தார்.

முள் அசையக் காத்துக்கொண்டு அவன் நின்றான்.