அத்தானுக்கு விட்ட வெள்ளை இடம்

கேளுங்கள் செல்லங்களா, ஒரு தையற்காரி தன் அக்காவின் கல்யாண நாளுக்கு ஆல்பம் ஒன்று செய்தாள். அத்தான் போட்டோ பிடிக்கிறவர். ஊரையே படம் எடுத்த மனுஷன், சொந்த வீட்டுப் படங்களில் மட்டும் இருக்கமாட்டார். கேமராவை இன்னொரு கைக்குக் கொடுத்தால்தானே! அக்காவோடு அவர் நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு வேறு பிரதியும் கிடையாது.

அதற்கான பக்கத்தில் தங்கச்சி தன் வித்தையெல்லாம் இறக்கினாள். ஈரத்தாளில் படத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு, சுற்றிலும் நீலம் பூசிக் கல் உப்பைத் தூவினாள். உப்பு ஈரத்தை உறிஞ்சிய இடமெல்லாம் நட்சத்திரம் பூத்தது. காய்ந்ததும் பல் துலக்கும் பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்துக் கட்டைவிரலால் சுண்டினாள்.

பேருந்து ஓட்டும் அவள் புருஷன் எட்டிப் பார்த்தான். “அது என் பிரஷ்தானே? நாளைக்கு நான் சுண்ணாம்பு அடிச்ச பல்லோட பஸ் ஓட்டணுமா?”

அவள் காதில் விழவில்லை. அடுத்து கருநீலச் சாரல். படம் ஒட்டும் இடத்தில் சாயம் படக்கூடாதே என்று, துணிமேல் அளவு மாதிரியை வைக்கிற பழக்கத்தில், அந்தப் படத்தையே அங்கே வைத்துவிட்டுச் சுண்டினாள். எடுத்துப் பார்த்தால் இடம் பளிச்சென்று இருக்கிறது, படம் முழுக்கப் புள்ளி. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தாள். அக்கா தப்பித்தாள். அத்தானின் முகம் துணியோடு வந்துவிட்டது.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அழுதுகொண்டே பக்கத்தை நீட்டினாள். அத்தான் முகம் போன படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அக்காதான் அந்த வெள்ளைக் கட்டத்தைத் தொட்டாள்.

“என் பக்கத்துல உங்க இடம் எப்பவும் இப்படித்தான் இருக்கு. கேமராவ அவகிட்ட குடுங்க.”

அத்தான் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். கூடவே நூறு யோசனை: வெளிச்சம் பார், கையை ஆட்டாதே, மூச்சை அடக்கு.

“நான் சட்டை தைக்கும்போது வந்து சொல்லிக் குடுத்தீங்களா அத்தான்? சும்மா நில்லுங்க.”

படம் கோணலாக வந்தது. அக்கா கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அத்தான் வாயைத் திறந்து அடுத்த யோசனை சொல்கிறார். அச்சுப் போட்டுப் பார்த்தால் கட்டத்தைவிடப் படம் பெரிது. ஒட்டினால் பாதி நட்சத்திரம் மறையும். தங்கச்சியின் கை கத்தரிக்கோல் பக்கம் போனது. அக்கா, அத்தான், புருஷன் மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.