மூன்றாவது பெஞ்சில் குடியிருந்த குரல்

கிருபாபாயின் குரல் சித்தூர் மிஷன் காம்பவுண்டுக் கோயிலில், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், நான்கு வருஷமாகத் தனியாகக் குடியிருந்தது. கிருபாபாய் இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் குரலில்லாமல் சமைத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். கோயில்பிள்ளை ஆண்ட்ரூ மற்ற பெஞ்சுகளைத் துடைப்பத்தால் தட்டுவார், அந்த ஒன்றை மட்டும் ஈரத்துணியால் துடைப்பார். வேலூரில் நர்சிங் படிக்கிற மகள் ஹன்னா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்ட்ரூவின் போனுக்குத்தான் கூப்பிடுவாள். அவர் போனை பெஞ்சின்மேல் வைத்துவிட்டு மரியாதையாக வெளியே போய் நிற்பார். கீரைக்காரி வெங்கடம்மா சபையைச் சேர்ந்தவளே இல்லை. அவளும் காலையில் கோயில் ஜன்னலோரம் கூடையை இறக்கி, குரலோடு பேரம் பேசி முடித்து, கீரைக்கட்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். விஷயம் தெரியாதவன் ஊரிலேயே ஒருவன்தான். அவன் கிருபாபாயின் கணவன் சுந்தர்ராஜ்.

அவனிடம் யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள். அவன் "ஆங், ஆங்" என்றான். திருப்பதி சித்தூர் ரோட்டில் வாடகைக் கார் ஓட்டுகிற அவனுக்குக் கறுப்பு கூல்டிரிங் இல்லாமல் ஸ்டியரிங் திரும்பாது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு பாட்டில், பாகாலா கிராசில் ஒன்று, சந்திரகிரியில் ஒன்று, பயணிகள் மலையேறிச் சாமி பார்த்து இறங்கும்வரை கீழே காத்திருக்கையில் கணக்கே கிடையாது. சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவே எப்போதும் ஒரு பாட்டில் சாய்ந்திருக்கும். தூக்கம் வராமலிருக்கத்தான் ஆரம்பித்தான். பிறகு தூக்கம் அவனைத் தேடுவதையே விட்டுவிட்டது. கை சன்னமாக நடுங்கும், கால் ஆடிக்கொண்டே இருக்கும், காதுக்குள் சோடா பொங்குகிற சத்தம் இரவும் பகலும் ஓயாது. எதிரில் நிற்பவர்களின் வாய் அசைவது நின்றதும் "ஆங், ஆங், சரி" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது என்று அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஹன்னா ஒருமுறை, "நைனா, அம்மாவுக்குக் குரல் இல்ல, தெரியுமா?" என்று கேட்டபோதும் அது பொருந்தத்தான் செய்தது.

குரல் போன விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பல் புதன் அன்று ஆளுக்கொரு பொருளைப் பீடத்தின் முன்னால் நின்று, ஈஸ்டர் வரைக்குமான லெந்து என்கிற தவக்காலத்துக்கு விட்டுவிடுவார்கள்: காப்பி, கறி, பூ, டிவி சீரியல். ஈஸ்டர் மத்தியானம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தன் கையால் எடுக்கக் கூடாது. வீட்டு மனுஷர் ஒருவர் கையில் கொடுத்து "எடுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு சாம்பல் புதன் காலையில், கிருபாபாய் காரின் ஜன்னலருகே வந்து நின்று, "ஈஸ்டர் அன்னிக்கு மட்டும் வண்டி எடுக்காதீங்க. நீங்க..." என்று ஆரம்பித்தாள். பாட்டிலை வாயில் கவிழ்த்தபடியே சுந்தர்ராஜ் தலையை ஆட்டினான், வண்டி கிளம்பிவிட்டது. அவள் கோயிலுக்குப் போய், முறை வந்தபோது, "அவர்கிட்ட பேசறத விட்டுர்றேன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது குரல் அவளோடு வரவில்லை, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஈஸ்டர் அன்று சுந்தர்ராஜ் ஒரு குடும்பத்தை மலைக்கு ஏற்றிப் போயிருந்தான். விடுமுறையில் வந்த ஹன்னா தானே "எடுத்துக்கோம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் வீட்டு கேட் வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. யாரிடம் பேசுவதை விட்டாளோ அவர்தான் கொடுக்க வேண்டும்போல என்று சபைப் போதகரான ஐயர் சொன்னார். அடுத்தடுத்த ஈஸ்டர்களிலும் நல்ல சவாரி இருந்தது.

இந்த வருஷம் மாசியில் சுந்தர்ராஜின் நெஞ்சு திடீர் திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. திருப்பதியில் ஒரு டாக்டர், அந்தக் கறுப்புத் தண்ணியை இன்றோடு விடு, இல்லையென்றால் வண்டியை விடு என்றார். மறுநாள் சாம்பல் புதன். எப்படியும் விடத்தானே போகிறோம், பக்தியாகவே விட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத கோயிலுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போய், பீடத்தின் முன் நின்று, "ஆண்டவருக்காகக் கூல்டிரிங் விடறேன்" என்றான். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐயர் மெச்சினார். பிறகு பாட்டு. பெண்கள் பக்கமிருந்து, ஆல்டோ என்பார்களே, அப்படியொரு கனத்த பெண்குரல் எழுந்து கூரைவரை போனது. அவன் ஆண்ட்ரூ பக்கம் சாய்ந்து, "அண்ணே, அது யாரு? ரொம்ப நல்லா பாடறாங்களே" என்று கேட்டான். ஆண்ட்ரூ, வாயை மூடி உட்கார்ந்திருந்த கிருபாபாயின் முதுகைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "நம்ம சபைக்காரங்கதான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

முதலில் தலைவலி வந்தது. அந்தத் தலைவலியில் அடுக்களைப் பாத்திரங்கள் தாமாகவே கிணுகிணுத்தன, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தட்டுகளைத் துணியில் சுற்றி வைத்தார்கள். பிறகு கொட்டாவி. பிறகு தூக்கம், வருஷக்கணக்கான பாக்கி மொத்தமும் ஒரே மூட்டையாக வந்து இறங்கியது. அது தீர்ந்து எழுந்த காலையில் கை நடுங்கவில்லை, தோசையில் உளுந்து வாசனை தெரிந்தது, காதுக்குள் பொங்கிக்கொண்டிருந்தது அடங்கியிருந்தது. குழாய் சொட்டுவது கேட்டது. காக்கை கேட்டது. "கிருபா, தொட்டுக்க இன்னா?" என்றான். கேட்டுவிட்டு, கல்யாணமான புதிதுக்குப் பிறகு முதன்முறையாக, பதிலுக்குக் காத்திருந்தான். கிருபாபாய் சட்னிக் கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் இன்னும் காத்திருந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இவ்வளவு நேரமா ஆயிற்று என்பதுபோல் ஒரு சின்ன வியப்பு மட்டும் இருந்தது. அவன் தோசையைப் பாதியில் விட்டு எழுந்தான்.

வாசலில் வெங்கடம்மா கீரையோடு நின்றாள். கிருபா ஏன் பேசுவதில்லை என்று அவளிடம்தான் கேட்டான், சொந்த மனைவியைப் பற்றிக் கீரைக்காரியிடம். "ஏமய்யா டிரைவரு, நீக்கு தெலீதா?" என்று அவள் கூடையை இறக்கிவிட்டாள். "நாலு வருசமா நான் கோயிலாண்ட போய்த்தானே கேட்டுக்கினு வர்றேன். ஒரே வீட்டுல துன்னு தூங்கறவன், உனக்குத் தெரியாதா?" தெருவே கேட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் அவனுக்காகத் தாங்கள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கோயில் திறந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் குரல் எதையோ முனகிக்கொண்டிருந்தது, வேலை செய்துகொண்டே முனகுகிற மாதிரி. அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "நான்தான்" என்றான். முனகல் நின்றது. வசவு வரும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தான். "இன்னிக்கு வண்டி இல்லியா?" என்றது குரல். அதைக் கேட்டதும் அவனுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இந்தக் குரலைத்தான் அவன் யாரென்று கேட்டிருக்கிறான். அந்த வெட்கத்தில், யாரும் கேட்காமலே, டாக்டர் சொல்லித்தான் விட்டேன், ஆண்டவருக்காக இல்லை என்பதையும் சொல்லிவிட்டான். "தெரியும், சட்டைப் பையில மருந்துச் சீட்டு இருந்துச்சே, அவ பாத்தா" என்றது குரல். வீட்டுக்கு வா என்றான். "நானா எப்படி வர்றது? ஈஸ்டர்லதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி முனக ஆரம்பித்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள், வழக்கமான பார்ட்டி ஒன்று விடிந்தால் மலைக்கு வண்டி வேண்டும் என்று கேட்டது. சுந்தர்ராஜ் அந்தச் சவாரியைப் புத்தலப்பட்டு டிரைவர் பவன்குமாருக்குக் கைமாற்றிவிட்டு, கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டான். மறுநாள் காலை ஆராதனை முடிந்து பங்குனி வெயிலில் வீடு திரும்பினார்கள். பாயில் உட்கார்ந்தான். எப்படிச் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்று அவன் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கிருபாபாய் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். கறுப்பு கூல்டிரிங், பனி வேர்த்துக்கொண்டிருந்தது. முந்தின சாயங்காலம் கடைவரை நடந்து, பெயர் சொல்லிக் கேட்க வாயில்லாமல் விரலால் காட்டி வாங்கி வந்திருக்கிறாள். அவன் விட்டதை அவன் வீட்டு மனுஷிதானே கொடுக்க வேண்டும். டாக்டர் சொன்னது தெரிந்தும், அது பொய்ப் பக்தி என்று தெரிந்தும், குடிப்பதும் குடிக்காததும் அவன் பாடு, கொடுப்பது தன் கடமை என்று இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

சுந்தர்ராஜ் அதை வாங்கினான், திறக்கவில்லை. வாங்கிய கையோடு அழுதான். அழுகைக்கு நடுவே, "எடுத்துக்கோ, கிருபா" என்றான்.

பிறகு தெருக்கோடியில் குரல் வருவது கேட்டது. அவசரமில்லாமல், வீடு வீடாக ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வந்தது. ஜனங்கள் வாசலுக்கு வந்து பதில் வாழ்த்துச் சொன்னார்கள். கேட் கிரீச்சிட்டது. கிருபாபாய் தொண்டையைச் செருமினாள். நான்கு வருஷத்துக்கு முன் கார் ஜன்னலருகே எந்த இடத்தில் அறுந்ததோ, அந்த இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"நீங்க வீட்ல இருந்தாத்தான் நான் பேச முடியும்."

"இருக்கேன்" என்றான்.

கிருபாபாய் வராத நாட்களில் பாட்டுக்கு ஒரு ஆல்டோ குறைந்துவிடுவதாக ஐயருக்கு மனத்தாங்கல். ஆண்ட்ரூ மூன்றாவது பெஞ்சையும் இப்போது துடைப்பத்தால் தட்டுகிறார். பாட்டில் திறக்காமலே அலமாரியில் இருக்கிறது. சுந்தர்ராஜ் திருந்திவிட்டான் என்று சொல்வதற்கில்லை. பழைய பழக்கத்தில் எப்போதாவது வாயில் "ஆங், ஆங்" வந்துவிடும். உடனே குரல் கிளம்பி கேட் வரை போய்விடும். அவன் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடி, "இன்னா சொன்ன, திரும்பச் சொல்லு" என்று கேட்டுக் கூட்டிவருவான். தெருவில் போகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.