வேரோடு வந்த மரம்

"பக்கெட் போதும்லா," என்றார் என் வீட்டுக்காரர் லோகன். பந்திங்கில் எங்கள் நிலம் முழுக்கப் புதரும் இளமரமும் மண்டிக் கிடந்தன. டிராக்டரின் முன்னால் மாட்டும் சாமான் வாங்கக் கிள்ளானுக்கு வந்திருந்தோம்.

"பக்கெட் மண்ணைத்தான் வாரும். மரத்தைப் பிடுங்க இடுக்கி வேணும்!" என்று கத்தினேன்.

"போட்டுப் பாருங்க அக்கா," என்று கடைக்காரர் முஸ்அப் தன் டிராக்டர் சாவியை நீட்டி, கடைக்குப் பின்னாலிருந்த தன் புதர்க்காட்டைக் காட்டினார்.

லோகன் பக்கெட்டால் ஓர் இளமரத்தைத் தள்ளினார். மரம் வளைந்து, மறுபடி நிமிர்ந்து நின்றது. இடுக்கியை மாட்டி நான் ஏறினேன். கவ்வித் தூக்கியதும் வேரோடு வந்தது! விடுவேனா? இன்னொன்று, இன்னொன்று! மதியத்துக்குள் காடு மொட்டைத் திடலாகிவிட்டது.

"இதையே எடுத்துக்கிறோம் பாஸ்!" என்றேன்.

வேலியோரம் மிஞ்சியிருந்த புதரை முஸ்அப் காட்டினார். "அவசரமில்ல அக்கா. அந்த மூலையிலயும் போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."